தேக்கில் செய்த திருக்கோணமலை

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்று ஒரு துறைமுக ஊர். அங்கே மூன்று பாய்மரங்களோடு நிற்கும் பழைய போர்க்கப்பல் ஒன்றின் பெயர் திருக்கோணமலை. ஆங்கிலேயர் வாயில் நுழைந்து நசுங்கி வெளியே வந்ததால் 'டிரிங்கோமலி'. அதன் அணியத்தில் தலைப்பாகை கட்டிய ஓர் ஆளின் மரச்சிற்பம் இருக்கிறது. உடம்பு மலபார் தேக்கு. கட்டியது மும்பையின் பார்சிக் கப்பல் தச்சர்கள். 1817 அக்டோபர் 12 அன்று தண்ணீரில் இறக்கப்பட்ட இந்தக் கப்பல் இன்றைக்கும் தண்ணீரில்தான் மிதக்கிறது. நெல்சனின் புகழ்பெற்ற 'விக்டரி' இதைவிட 52 ஆண்டு மூத்தது. ஆனால் அது 1922 முதல் உலர்துறையில், காய்ந்த தரையில் முட்டுக்கொடுத்து நிற்கிறது. மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மூத்தது நம் திருக்கோணமலைதான்.

நெப்போலியனோடு போர் உச்சத்தில் இருந்த 1812ல் இதைக் கட்ட ஆணை போனது. கட்டி முடித்தபோது, அவர் தோற்ற வாட்டர்லூ சண்டை முடிந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த சட்டை, பந்தல் பிரித்த பிறகு வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். போர்க்கப்பலின் சேவை வரலாறு என்றாலே எத்தனை சண்டை, எத்தனை வெற்றி என்று எண்ணுவது வழக்கம். அந்தக் கணக்கில் இந்தக் கப்பலுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் மரக்கப்பல்கள் பெரும்பாலும் சண்டையில் சாகவில்லை. பூஞ்சை, புழு, துரு இந்த மூன்றும்தான் அவற்றைத் தின்று தீர்த்தன. அந்த மூன்றையும் தாண்டி ஒரு கப்பல் இருநூறு ஆண்டு பிழைத்தது எப்படி என்பது நெல்சன் வென்ற டிரஃபால்கர் கடற்சண்டையைவிட எனக்குச் சுவாரசியமாகத் தெரிகிறது.

பெயர் தமிழாக இருந்தாலும், கட்டியது மும்பையாக இருந்தாலும், கப்பலின் வடிவம் பிரெஞ்சுக்காரருடையது. 1782ல் பிரான்சின் செயின்ட் மாலோ துறையில் 'எபே' என்ற கப்பல் கடலில் இறங்கியது. வடிவமைத்தவர் ழாக் நோயல் சானே. அந்தக் காலத்தில் கப்பல் வடிவமைப்பில் அவருக்கு நிகராக யாரையும் சொல்வது கடினம். அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று 'ரெயின்போ' என்ற பிரிட்டிஷ் கப்பலிடம் எபே சிக்கிக்கொண்டது. சிக்கிய விதம் வேடிக்கையானது. ரெயின்போவில் சோதனைக்காக 'கேரனேடு' வகைப் பீரங்கிகளையே ஏற்றியிருந்தார்கள். ஸ்காட்லாந்தின் கேரன் இரும்பாலையில் வார்த்த அவை குட்டையானவை, எடை குறைந்தவை. ஆனால் பெரிய குண்டைத் தள்ளும். தூரம் மட்டும் போகாது. துரத்தலின்போது ரெயின்போவின் முன்பக்கத்திலிருந்து வந்த ஒரு குண்டு எபேயில் விழுந்தது. அது 32 பவுண்டு குண்டு என்று தெரிந்ததும் பிரெஞ்சுத் தலைவர் கணக்குப் போட்டார். முன்பக்கத்திலேயே இவ்வளவு பெரிய பீரங்கி என்றால், எதிரே வருவது பெரும்போர்க்கப்பலாகத்தான் இருக்க வேண்டும். மரியாதைக்குக் கொஞ்சம் சுட்டுவிட்டுக் கொடியை இறக்கிவிட்டார். கணக்கு சரி, அனுமானம் தவறு.

பிடித்த கப்பலைக் கரைக்கு இழுத்து வந்து, அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடமாக்கினார்கள் பிரிட்டிஷ்காரர்கள். அந்த வரைபடத்தின்படி 1800ல் 'லெடா' வந்தது. பிறகு அதே அச்சில் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள். இவை 'ஃபிரிகேட்' வகை. இரண்டு, மூன்று அடுக்குப் பீரங்கிகளோடு வரிசையில் நின்று மோதும் பெருங்கப்பல்கள் வேறு. ஃபிரிகேட்டுக்கு முதன்மைப் பீரங்கித் தளம் ஒன்றே ஒன்று. வேவு பார்ப்பது, சேதி கொண்டுபோவது, வணிகக் கப்பல்களுக்குக் காவல் போவது, எதிரியின் வணிகக் கப்பலைப் பிடிப்பது எல்லாம் அதன் வேலை. கடலில் அது ஒரு குதிரைப்படை. டிரிங்கோமலியின் பீரங்கித் தளம் 150 அடி நீளம், அகலம் ஏறத்தாழ 40 அடி. அதற்குள் 300 பேர், அவர்களுக்கு மாதக்கணக்கில் சோறு, தண்ணீர், வெடிமருந்து. சென்னைக் கல்யாண மண்டபம் ஒன்றை நடுக்கடலில் ஆறு மாதம் நிறுத்திவைத்ததாக நினைத்துக்கொள்ளலாம்.

1812 அக்டோபர் இறுதியில் கப்பலுக்கு ஆணை பிறந்தது. வரைபடம் மும்பைக்குப் போக வேண்டும். அதைச் சுமந்து 'ஜாவா' என்ற கப்பல் நவம்பரில் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியது. மும்பையின் புது ஆளுநராகப் போகும் ராணுவத் தளபதி ஒருவரும், மும்பையில் கட்டப்பட்டு வந்த கப்பல்களுக்கான செப்புத் தகடுகளும் அதே கப்பலில் இருந்தன. டிசம்பர் 29 அன்று பிரேசில் கரையோரம் சல்வடோர் நகருக்கு அப்பால் 'கான்ஸ்டிடியூஷன்' என்ற அமெரிக்கக் கப்பல் எதிர்ப்பட்டது. அப்போது பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர்.

இந்தியாவுக்குப் போகிற கப்பலுக்கு பிரேசிலில் என்ன வேலை என்று நிலப்படத்தைப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். பாய்க்கப்பலுக்கு நிலப்படம் பாதி வழிதான் சொல்லும். மீதியைக் காற்று சொல்லும். பருமல்களில் குறுக்காகத் தொங்கும் சதுரப் பாய்கள் கொண்ட கப்பலால் காற்று வரும் திசைக்கு நேராகப் போக முடியாது. அந்தத் திசையிலிருந்து ஏறத்தாழ 67 டிகிரியாவது விலகித்தான் போக முடியும். ஐரோப்பாவிலிருந்து கீழே இறங்கும்போது வடகிழக்கு வணிகக் காற்று முதுகைத் தள்ளும். நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் தென்கிழக்குக் காற்று எதிரே வரும். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிப் போனால் அந்தக் காற்றோடு மல்லுக்கட்டியே காலம் போய்விடும். அதனால் கப்பல்கள் மேற்கே ஒதுங்கி, பிரேசிலைத் தொட்டுவிடும் தூரம் போய், காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு தெற்கே இறங்கும். அங்கே மேற்கிலிருந்து அடிக்கும் பலத்த காற்றைப் பிடித்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றும். சுற்றுவழிதான் குறுக்குவழி. அந்த வழியில் எதிரி எங்கே காத்திருப்பான் என்பது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

சண்டை சில மணி நேரம் நடந்தது. ஜாவாவின் முதன்மைப் பீரங்கிகள் 18 பவுண்டு குண்டு போடுபவை, கான்ஸ்டிடியூஷனுடையவை 24 பவுண்டு. அமெரிக்கக் கப்பலின் விலா எலும்புகள் 'லைவ் ஓக்' என்ற இரும்பு போன்ற கெட்டி மரத்தில், நெருக்கமாக வைக்கப்பட்டவை. சில மாதங்களுக்கு முன் வேறொரு சண்டையில் குண்டுகள் பக்கவாட்டில் பட்டுத் தெறித்ததைப் பார்த்துத்தான் மாலுமிகள் அதற்கு 'இரும்பு விலா' என்ற பொருளில் செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். ஜாவாவின் பாய்மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தலைவர் ஹென்றி லாம்பர்ட் காயம்பட்டுச் சில நாளில் இறந்தார். கான்ஸ்டிடியூஷனின் சுக்கான் சக்கரம் குண்டில் சிதறியிருந்தது. ஜாவாவின் சக்கரத்தைக் கழற்றி அதில் பொருத்திக்கொண்டார்கள். பிறகு ஜாவாவுக்குத் தீ வைத்தார்கள். திருக்கோணமலையின் வரைபடமும் அதோடு போயிற்று.

அந்தக் கான்ஸ்டிடியூஷனும் இன்னும் பாஸ்டன் துறைமுகத்தில் மிதக்கிறது. ஒன்றின் பிறப்பையே தாமதமாக்கிய இன்னொன்று. இரண்டும் உயிரோடு இருக்கின்றன.

மறுபடி வரைபடம் அனுப்பி, அது மும்பை வந்து சேர்ந்து, மரம் வந்து, 1816 ஏப்ரலில்தான் வேலை தொடங்கியது. தலைமைக் கப்பல் தச்சர் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. அவர் குடும்பத்தின் முன்னோர் லவ்ஜி நசர்வான்ஜி, 1736ல் சூரத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியால் மும்பைக்கு அழைத்து வரப்பட்டவர். ஐரோப்பியத் தச்சர் மேற்பார்வை இல்லாமலே பிரிட்டிஷ் கடற்படைக்குப் பெரும்போர்க்கப்பல் கட்டிக் கொடுத்த குடும்பம் அது. ஜாம்ஷெட்ஜியின் கையில் 1813ல் பிறந்த 'கார்ன்வாலிஸ்' கப்பலின் மேல்தான் 1842ல் சீனா ஹாங்காங்கை விட்டுக்கொடுக்கும் நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிரிங்கோமலிக்கு முதல் கட்டை, அதாவது கப்பலின் முதுகெலும்பான ஏரா, வைத்தபோது பார்சி வழக்கப்படி எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணி ஒன்றை அதில் அடித்தார்கள். அது இல்லாத கப்பல் நலமாக இருக்காது என்பது நம்பிக்கை. நம் வீட்டில் நிலை வைக்கும்போது அடியில் நவதானியமும் காசும் போடுகிறோமே, அதன் கடல் வடிவம்.

வெள்ளி ஆணியைவிட மரம்தான் கப்பலைக் காத்தது என்று நினைக்கிறேன். அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஐரோப்பியக் கப்பல்கள் ஓக் மரத்தால் ஆனவை. 74 பீரங்கிக் கப்பல் ஒன்றுக்கு முதிர்ந்த ஓக் மரங்கள் ஏறத்தாழ 2,000 வேண்டும். நீண்ட போரில் இங்கிலாந்தின் ஓக் காடுகள் தாக்குப்பிடிக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் காயவைக்க வேண்டிய மரத்தை ஈரத்தோடு இழைத்துக் கட்டினார்கள். விளைவு, பூஞ்சை. 1810ல் கடலில் இறக்கிய 'குயின் ஷார்லட்' என்ற நூறு பீரங்கிக் கப்பல், சேவைக்குப் போகும் முன்பே உளுத்துப்போய்த் திரும்பக் கட்டும் நிலைக்கு வந்தது. அதற்கும் முன், 1782 ஆகஸ்ட் 29 அன்று 'ராயல் ஜார்ஜ்' என்ற பெருங்கப்பல், காற்றில்லாத காலைப்பொழுதில், நங்கூரம் போட்டு நின்ற இடத்திலேயே மூழ்கியது. சிறிய பழுதுபார்ப்புக்காக ஒரு பக்கம் சாய்த்து வைத்திருந்தார்கள். மாலுமிகளும் அவர்களைப் பார்க்க வந்த குடும்பத்தாருமாக ஏறத்தாழ 900 பேர் இறந்தார்கள். விசாரித்த நீதிமன்றம் கப்பலின் உளுத்துப்போன மரச்சட்டம் முறிந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. எதிரி ஒருவன்கூட அருகில் இல்லை.

பூஞ்சைக்கு மூன்று வேண்டும்: ஈரம், காற்று, இளஞ்சூடு. மரத்தின் ஈரம் அதன் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை தலைகாட்டாது. மரம் முழுக்க நீரில் ஊறிக் கிடந்தாலும் காற்றில்லாததால் பூஞ்சையால் வாழ முடியாது. இரண்டுக்கும் நடுவே, நனைந்தும் நனையாமலும் காற்றோட்டமின்றி இருக்கும் மரம்தான் அதற்கு விருந்து. பழைய ஓட்டு வீட்டு உத்தரத்தைக் கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல. நடுவில் கல்லாக இருக்கும். சுவருக்குள் நுழையும் முனை மட்டும் கையோடு உதிரும். கப்பலில் அப்படிப்பட்ட முனைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. கடல்நீர் கப்பலின் எதிரி இல்லை. உப்பு பூஞ்சையைக் கொஞ்சம் அடக்கவே செய்யும். தளத்தின் இடுக்கு வழியே கசியும் மழைநீர்தான் எமன். வெளிச்சட்டத்துக்கும் உள்பலகைக்கும் நடுவே அது தேங்கிவிட்டால் வெளியே தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

தேக்கு இந்த விஷயத்தில் வேறு சாதி. அதன் எண்ணெய்ப் பசையும், 'டெக்டோகுவினோன்' போன்ற வேதிப்பொருள்களும் பூஞ்சையையும் கரையானையும் அண்டவிடாது. நனைந்து காய்ந்தாலும் அதிகம் சுருங்காது, முறுக்கிக்கொள்ளாது. இன்னொரு நன்மையும் உண்டு. இதைப் பலர் சொல்வதில்லை. ஓக் மரத்தில் டானின் அமிலம் நிறைய. இரும்பு ஆணியை அதில் அறைந்தால் இரண்டும் சேர்ந்து கறுத்து, ஆணியும் அரிக்கும், அதைச் சுற்றிய மரமும் கெடும். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைப் போட்டு நம் ஆட்கள் மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். கடுக்காயில் இருப்பதும் டானின், அன்னபேதி என்பது இரும்பு உப்பு. ஆங்கிலேயர் கப்பல்கள் உள்ளுக்குள்ளே மை காய்ச்சிக்கொண்டிருந்தன. தேக்கில் அந்தத் தொல்லை இல்லை. அதன் எண்ணெய் இரும்புக்குப் பூசிய கவசம்போலவே வேலை செய்யும்.

இந்தத் தேக்கு சும்மா வரவில்லை. பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். அதனால் நிற்கும் மரத்தின் அடியில் பட்டையைச் சுற்றிலும் வெட்டிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டு நின்றபடியே காயவிட்டு, பிறகு சாய்த்து ஆற்றில் மிதக்கவிடுவார்கள். மலபார் காடுகளின் தேக்கு ஆற்று வழியாகக் கடற்கரைக்கு வந்து, அங்கிருந்து மும்பைக்குப் போகும். 1806ல் கம்பெனி வாட்சன் என்ற அதிகாரியைக் காட்டுப் பாதுகாவலராக நியமித்தது. பெயர்தான் பாதுகாவலர்; வேலை, மலபார், திருவிதாங்கூர் மரத்தை முழுக்கக் கடற்படைக்காக வளைத்துப்போடுவது. நிலத்துச் சொந்தக்காரர்கள் தங்கள் மரத்தையே தாங்கள் வெட்ட முடியவில்லை. எதிர்ப்பு பெருகியது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1823ல் அந்தப் பதவியையே ஒழித்தார். அதற்குள் எளிதில் எட்டும் காடு மொட்டையாகியிருந்தது. 1840களில் மலபார் ஆட்சியர் கனோலி நிலம்பூரில் சாத்து மேனனை வைத்துத் தேக்குத் தோட்டம் போட்டது இந்தப் பற்றாக்குறையின் விளைவு. டிரிங்கோமலியை ரசிக்கும்போது அந்த மொட்டைக் குன்றுகளையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

பெயருக்கு வருவோம். சோழமண்டலக் கரையில் சென்னை தொடங்கி எங்கும் கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டு, அலையில் மசூலாப் படகு விட்டுத்தான் சரக்கு இறக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் அது தற்கொலை. 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த பிரிட்டிஷ் கப்பல்கள் பல, புயலில் மூழ்கின அல்லது கரையில் மோதின. அந்தக் கரைக்கு அருகில் எந்தக் காற்றிலும் பாதுகாப்பான ஒரே பெருந்துறைமுகம் திருக்கோணமலை. 1782ல் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அதைப் பிடித்ததும், 1795ல் பிரிட்டிஷ்காரர்கள் டச்சுக்காரர்களிடமிருந்து பறித்ததும் அதனால்தான். ஒரு துறைமுகத்தின் மதிப்பு தெரிந்தவர்கள் வைத்த பெயர் அது.

கட்டிய செலவு 23,642 பவுண்டு. இங்கிலாந்துக்கு ஓட்டிப்போக இன்னும் 6,600. போகிற வழியில் 1819 ஜனவரியில் செயின்ட் ஹெலினா தீவில் ஆறு நாள் நின்றது. யாரை எதிர்க்க ஆணையிடப்பட்டதோ அந்த நெப்போலியன் அப்போது அதே தீவில், லாங்வுட் இல்லத்தில், கைதி. கிளம்பும்போது கப்பலில் புதிதாக ஒரு பயணி ஏறியிருந்தார்: நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த கடற்படை மருத்துவர் ஜான் ஸ்டோகோ. கைதியின் ஈரல் கெட்டிருக்கிறது என்று அவர் சொன்னது தீவின் ஆளுநருக்குப் பிடிக்கவில்லை. சில மாதங்களில் ராணுவ நீதிமன்றம் வைத்து அவரைப் பணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். நெப்போலியப் போர்களுக்கும் இந்தக் கப்பலுக்கும் இருந்த நேரடித் தொடர்பு அவ்வளவுதான்.

1819 ஏப்ரல் 30 அன்று போர்ட்ஸ்மவுத் சேர்ந்தது. வேலை இல்லை. பாய்மரங்களைப் பிடுங்கி, தளத்தின் மேல் கூரை போட்டுக் கட்டிவைத்தார்கள். கட்டிய கயிற்றிலேயே கால் நூற்றாண்டு. அவமானம்போலத் தெரியலாம், கப்பலுக்கு அது ஆயுள் விருத்தி. மழைநீர் உள்ளே இறங்காத கப்பல் உளுக்காது. இதே லெடா வகையைச் சேர்ந்த 'யூனிகார்ன்', 1824ல் பிறந்து, ஒரு நாளும் பாய் விரிக்காமல், கூரையோடே கட்டிவைக்கப்பட்டு, இன்று ஸ்காட்லாந்தின் டண்டீயில் மிதக்கிறது. அது ஓக் கப்பல். கூரை தந்த பரிசு.

தண்ணீருக்குக் கீழே வேறு எதிரி. கப்பல்புழு என்பது பெயருக்குத்தான் புழு. உண்மையில் அது சிப்பி இனம். இரண்டு சிறு ஓடுகளையும் அரம்போல வைத்துக்கொண்டு மரத்தைத் துளைத்து உள்ளேயே குடியிருக்கும். வெளியே குண்டூசித் துளை, உள்ளே தேன்கூடு. தேக்குகூட இதற்கு முழு விதிவிலக்கு இல்லை. 1761ல் 'அலார்ம்' என்ற கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டால் மூடிப் பார்த்தார்கள். செம்பிலிருந்து கரையும் துகள்கள் நஞ்சாகி, புழுவும் ஒட்டவில்லை, பாசியும் கொட்டலசும் ஒட்டவில்லை. ஒட்டாத அடிப்பாகம் வேகமாக ஓடும். இது போரில் பெரிய லாபம். ஆனால் இரண்டு ஆண்டு கழித்துத் தகட்டைப் பிரித்தபோது பல இடங்களில் இரும்பு ஆணிகளைக் காணவில்லை, கரைந்தே போயிருந்தன. உப்புநீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி. இரும்பு தன்னைப் பலி கொடுத்துச் செம்பைக் காக்கும். கடற்படை கடைசியில் ஆணிகளையே செப்புக் கலவைக்கு மாற்றியது.

1824ல் ஹம்ப்ரி டேவி இதைத் தலைகீழாக யோசித்தார். செம்பும் மெல்ல அரிக்கிறதே; வேண்டுமென்றே ஒரு துண்டு இரும்பையோ துத்தநாகத்தையோ அதோடு சேர்த்தால் செம்பு அரிக்காது அல்லவா? கொச்சியில் கட்டிய 'சமராங்' கப்பலில் சோதித்தார். அற்புதமாக வேலை செய்தது. செம்பு அரிக்கவே இல்லை. அரிக்காத செம்பிலிருந்து நஞ்சும் கரையவில்லை. கொட்டலசுகள் குதூகலமாக வந்து ஒட்டிக்கொண்டன. டேவி சரியாகக் கண்டுபிடித்தார், கடலுக்கு அது ஒத்துவரவில்லை. இன்று இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவது அதே தத்துவம்தான். காலம் தாழ்த்திக் கிடைத்த நியாயம்.

1845ல் டிரிங்கோமலியை எழுப்பினார்கள். பீரங்கிகளைக் குறைத்து, இருப்பவற்றைப் பெரிதாக்கி, பின்புறத்தின் வடிவை மாற்றி, 26 பீரங்கிக் கப்பலாக்கினார்கள். 1847 முதல் 1850 வரை மேற்கிந்தியத் தீவுகளும் வட அமெரிக்கக் கரையும். 1852 முதல் 1857 வரை வாலஸ் ஹௌஸ்டன் தலைமையில் பசிபிக் பெருங்கடல். வடக்கே பெரிங் நீரிணைப் பக்கம் வரை. கிரிமியப் போர் அந்த இடைவெளியில் வந்து போனது. பெயர் சொல்லும் சண்டை எதுவும் இதற்கு வாய்க்கவில்லை.

சண்டை போடாத கப்பல் என்று பாவம் பார்த்துவிட வேண்டாம். 1856ல் வான்கூவர் தீவின் ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் இந்தக் கப்பலின் மாலுமிகளோடும் கடற்படைச் சிப்பாய்களோடும், ஏறத்தாழ 400 பேராக, கௌவிச்சன் பழங்குடியினரின் நிலத்தில் இறங்கினார். வெள்ளைக் குடியேறி ஒருவரைச் சுட்டுக் காயப்படுத்திய குற்றத்துக்காக ஒருவரைப் பிடித்து, அங்கேயே விசாரித்து, அவருடைய மக்கள் கண் எதிரிலேயே தூக்கிலிட்டார்கள். சுடப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். பீரங்கியைச் சுடாமலே பீரங்கிக் கப்பல் செய்யும் வேலை இதுதான். கனடாவின் மேற்குக் கரையில் தீவுகளுக்கு நடுவே ஓடும் நீர்வழி ஒன்றுக்கு இன்றும் 'டிரிங்கோமலி கால்வாய்' என்றே பெயர். ஈழத்து ஊரின் பெயர் அங்கே போய்ச் சேர்ந்த வழி இது.

டிரிங்கோமலி பசிபிக்கில் இருக்கும்போதே 1853 நவம்பர் 30 அன்று கருங்கடலில் சினோப் துறைமுகத்தில் ரஷ்யக் கப்பல்கள் வெடிகுண்டு போட்டுத் துருக்கிய மரக்கப்பல்களை எரித்துத் தள்ளின. அதுவரை கப்பல்களைத் துளைத்தது கெட்டி இரும்புருண்டை. துளையை அடைத்துவிட்டு மிதக்கலாம். உள்ளே புகுந்து வெடிக்கும் குண்டுக்கு மரத்திடம் பதில் இல்லை, அது தேக்கானாலும். 1860ல் இரும்புக் கவசம் பூண்ட நீராவிக் கப்பல் 'வாரியர்' கடலில் இறங்கியது. மரப் போர்க்கப்பலின் காலம் அதோடு முடிந்தது.

டிரிங்கோமலி பயிற்சிக் கப்பலானது. 1862 முதல் 1877 வரை அது நின்ற ஊர் ஹார்ட்டில்பூல். பிறகு சவுதாம்ப்டன். 1897ல் உடைக்கிற வியாபாரிக்கு விற்றாயிற்று. அதே ஆண்டு நெல்சனின் பழைய கப்பல் 'ஃபூட்ராயன்ட்', அதை விலைக்கு வாங்கிச் சிறுவர் பயிற்சிக்கு வைத்திருந்த வீட்லி காப் என்ற செல்வந்தரின் கையில் இருந்தபோதே பிளாக்பூல் கடற்கரையில் புயலில் சிதைந்தது. அவர் அதற்கு ஈடாக டிரிங்கோமலியை வாங்கினார். போன கப்பலின் பெயரையே இதற்கு வைத்தார். 1986 வரை, வேறு பெயரில், சிறுவர் சிறுமியர்க்குக் கயிறு கட்டவும் துடுப்புப் போடவும் கற்றுக்கொடுத்தது இந்தக் கப்பல். பக்கத்தில் நின்ற துணைக் கப்பல் 'இம்ப்ளேக்கபிள்', டிரஃபால்கரில் பிரான்சுக்காகச் சண்டையிட்டது. ஓக் உடம்பு. பழுதுபார்க்கப் பணம் இல்லையென்று 1949 டிசம்பர் 2 அன்று இரு நாட்டுக் கொடிகளையும் ஏற்றி ஆங்கிலக் கால்வாயில் மூழ்கடித்தார்கள். சேவைப் பட்டியல் நீளமாக இருந்த கப்பல் போயிற்று; பட்டியலே இல்லாதது நின்றது. எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை, மரம் தெரிகிறது.

1987ல் கப்பலை ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தார்கள். மரக்கப்பல் யுகத்தை முடித்துவைத்த அந்த 'வாரியர்' அதே ஊரில்தான் புதுப்பிக்கப்பட்டு, சில வாரங்களுக்கு முன் போர்ட்ஸ்மவுத்துக்குப் போயிருந்தது. அந்த வேலையில் கைதேர்ந்தவர்களில் பலர் இதைக் கையில் எடுத்தார்கள். 1992ல் பழைய பெயர் திரும்பியது. 2001ல் வேலை முடிந்தபோது உடலின் மரத்தில் பாதிக்கு மேல் 1817ல் வைத்ததே என்று தெரிந்தது. பெரும்பாலான பழங்கப்பல்களில் அப்படிச் சொல்ல முடியாது. பலகை பலகையாக மாற்றி மாற்றிப் பெயர் மட்டும்தான் பழையதாக மிஞ்சியிருக்கும்.

அது பிறந்த மும்பைக் கப்பல் துறைகள் இப்போது இந்தியக் கடற்படைத் தளத்துக்குள் இருக்கின்றன. அங்கே நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. ஹார்ட்டில்பூலில் நுழைவுச்சீட்டு வாங்கினால் போதும். போகிறவர்கள் கீழ்த்தளத்தில் குனிந்து நடங்கள், தலை இடிக்கும். அப்படியே விலாச் சட்டத்தில் கையை வைத்துப் பாருங்கள்; நம் மலைத் தேக்கு.